ஆணி அடிக்காத வீடு

பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அவர் வீட்டுக் காலண்டரில் இருந்துதான் தொடங்க வேண்டும். அது ஜன்னல் கம்பியில் சணல் கயிற்றால் கட்டித் தொங்கும். காற்று வந்தால் திரும்பிக்கொண்டு முதுகைக் காட்டும். அக்கா எழுந்துபோய் நேராக்கிவிட்டு வருவார். உட்கார்ந்த மறு நிமிஷம் அது மறுபடி திரும்பும். ஒரு நாளைக்கு இருபது தடவை எழுந்துபோவாரே தவிர, சுவரில் ஒரு ஆணி அடிக்க மாட்டார்.

பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துப்போய் ஒரு நாள் கேட்டேன். "ஒரே ஒரு ஆணிதானேக்கா. அடிச்சா சுவர் இடிஞ்சா விழுந்துடும்?"

"சொவரு என்னுதா தம்பி? குவார்ட்டர்ஸ் சாவி கொடுக்கறப்ப கையெழுத்து வாங்கிக்கினுதான கொடுத்தாங்க? சொவத்துல ஆணி அடிக்கமாட்டேன்னு அதுல இருக்குதே. படிக்கலையா நீங்க?"

நான் படிக்கவில்லை. நெய்வேலியில் அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர் அநேகமாக அக்கா ஒருவராகத்தான் இருக்கும். எங்கள் பிளாக்கில் கொக்கி இல்லாத வீடு இல்லை, அலமாரி மாட்டாத சுவர் இல்லை. ஒரு புண்ணியவான் கூரையில் கொக்கி போட்டு ஊஞ்சலே கட்டியிருந்தார். காலி செய்கிற அன்றைக்கு வெள்ளை சிமென்ட்டை அப்பி, மேலே சுண்ணாம்பு தடவிவிட்டால் முடிந்தது கதை.

அக்காவின் வீடும் என் வீடும் ஒட்டிப் பிறந்த இரட்டைக் குவார்ட்டர்ஸ். இரண்டு ஹாலுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தக் காலத்தில் கட்டியது, கனமில்லாத சுவர். அவர் வீட்டில் குக்கர் விசில் எத்தனை என்று என் மனைவி எண்ணிச் சொல்லுவாள். எனக்கு மைன்ஸில் ஷிப்ட் வேலை. அக்கா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவர் கணவர்தான் முதலில் அந்த வேலையில் இருந்தவர். சர்வீஸில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். மனைவிக்கு வேலை கொடுத்தார்கள். தரை பெருக்கும் ஹெல்பராகப் போனவர் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கப் பழகி, பிறகு தானே முறுக்கப் பழகி, ஃபிட்டராகவே ஆகிவிட்டார். இந்த வீடும் அந்த வேலையோடு வந்ததுதான்.

"அவரு உசுருக்கு வந்த வூடு இது. இதுல ஓட்டை போடச் சொல்றீங்களே" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதற்குப் பிறகு நான் ஆணிப் பேச்சை எடுக்கவில்லை.

கணவரின் படத்தைக்கூட அவர் மாட்டவில்லை. மாலை போட்ட பெரிய படம். அதை ஒரு இரும்பு நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார். பார்க்கிறவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். ஏனென்று கேட்டால், "நின்னு நின்னே வேலை பாத்த மனுசன். உக்காந்துக்கினு இருக்கட்டுமே" என்பார். விருந்தாளி வந்தால் மற்ற நாற்காலிகள் நிறைந்துபோய் யாராவது தரையில் உட்கார வேண்டிவரும். அந்த நாற்காலி மட்டும் அவருக்கு.

இன்னொரு பழக்கம் எதையும் ஆட்டிப் பார்ப்பது. நாற்காலி, ஏணி, மாடிப்படிக் கைப்பிடி, கடலூர் பஸ்ஸில் மேலே இருக்கும் கம்பி, எதுவாக இருந்தாலும் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் பிடிப்பார். என் மனைவி ஒரு முறை ஸ்டூல் மேல் ஏறிப் பரணில் அண்டாவைத் தேடிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்த அக்கா, "எறங்கும்மா கீழ" என்று அதட்டி இறக்கி, ஸ்டூலைக் கவிழ்த்து, நாலு ஸ்க்ரூவையும் முறுக்கிவிட்டு, "இப்ப ஏறு" என்றார். என் மனைவிக்கு மூக்குக்கு மேல் கோபம். "நம்ம வீட்டு ஸ்டூலு, நாம விழுந்தா நம்ம தலை. இவங்களுக்கு என்னவாம்?" என்று மூன்று நாள் முனகினாள்.

முறுக்கியதையும் அவர் நம்ப மாட்டார். "ஒருவாட்டி முறுக்கினது முறுக்கினதே இல்ல தம்பி. போல்ட்டு ஒரு நாளு தூங்கி எழுந்திருக்கணும். அப்புறம் மறுபடி முறுக்கணும். அப்பதான் அது சொன்ன பேச்சு கேக்கும்" என்பார். இப்படி ஒரு ஆளோடு ஒரு சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வாழ்வது களைப்பான காரியம் என்று நான் அப்போது நினைத்தேன்.

நான் சுவரில் மாட்டுகிற டிவி வாங்கியபோதும் வந்தார். தரையில் உட்கார்ந்து பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று என் மனைவி சொன்னதால், நடுச்சுவரில் தாழ்வாக நானே டிரில் போட்டு மாட்டினேன். கூட வந்த நாலு ஸ்க்ரூவில் ஒன்று எங்கோ உருண்டு போய்விட்டது. அதற்குப் பதில் டப்பாவில் கிடந்த ஆறு இஞ்ச் போல்ட்டு ஒன்றைத் திருகினேன். அந்த ஓட்டை மட்டும் போடும்போது டிரில் வெண்ணெய்க்குள் போவது மாதிரி சுலபமாகப் போனது. அக்கா வாசலில் நின்று டிவியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "கெட்டியா மாட்டியிருக்கீங்களா தம்பி?" என்றார். ரூல்ஸ் பேச வந்திருக்கிறார் என்று எனக்கு எரிச்சல். "அதெல்லாம் கெட்டிதான்" என்றேன். உண்மையில் முதல் நாள் லேசாக ஆடியது. இரண்டு நாள் கழித்துத் தொட்டால் கல் மாதிரி நின்றது. கை வந்த கலை என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அக்காவுக்கு ஒரே மகள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள். காலேஜில் முகாமுக்குப் போன இடத்தில் சுவர் ஏறும் விளையாட்டில் பைத்தியமாகிவிட்டாள். செயற்கைச் சுவரில் குமிழ் குமிழாகப் பிடிகள் இருக்கும், அதைப் பிடித்துப் பல்லி மாதிரி மேலே போக வேண்டும். சென்னையில் ஒரு கோச் அவளைப் பார்த்துவிட்டு, "ஏறத் தெரியுது, விரலில் வலு இல்லை. தினம் பழகினால் மாநிலத் தேர்வுக்குப் போகலாம்" என்று சொல்லியிருக்கிறார். தினம் சென்னைக்கு எங்கே போவது? வீட்டிலேயே சாய்வாக ஒரு பலகை வைத்துக்கொண்டு பழகுகிறார்கள் என்று மொபைலில் வீடியோ காட்டினாள். அந்த வீடியோவில் எல்லோரும் பலகையைச் சுவரோடு சேர்த்து போல்ட்டு போட்டிருந்தார்கள்.

"சொவத்தத் தொடாம நிக்கணும். முடியும்னா சொல்லு, இல்லைன்னா வுட்டுடு" என்றாராம் அக்கா. பிறகு யாரும் கேட்காமலே தானே பேப்பரில் படம் போட ஆரம்பித்துவிட்டார்.

பலகையைத் தாங்கும் சட்டத்துக்கு இரும்பு ஆங்கிள் வாங்கி, பக்கத்து ஊரான வடக்குத்தில் ஒரு பட்டறையில் அளவாக வெட்டி ஓட்டை மட்டும் போட்டு வாங்கி வந்தார். என் வண்டியில்தான் போனோம். பட்டறைக்காரர், "வெல்டு வச்சிட்டா அரை நாள்ல முடிஞ்சிடும்மா. எதுக்கு இத்தினி ஓட்டை?" என்றார்.

"அரை நாள்ல நீங்க வச்சிடுவீங்க. வூட்டைக் காலி பண்றப்ப கழட்டறது யாரு?"

"காலி பண்ண இன்னும் எவ்ளோ வருஷம் இருக்குது?"

"மூணு வருஷம்" என்றார் அக்கா, நாளைக்கு என்பதைப்போல.

எட்டடிக்கு நாலடி பிளைவுட் இரண்டு. அதில் சாண் இடைவெளியில் ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையின் பின்னாலும் பல் வைத்த ஒரு நட்டு பதிய வேண்டும். அதைச் சுத்தியலால் தட்டுவதுதான் வழக்கமாம். அக்கா தட்டவில்லை. முன்பக்கம் போல்ட்டு போட்டு முறுக்கி முறுக்கி, நட்டைப் பலகைக்குள் இழுத்துப் பதித்தார். நூற்றுக்கு மேல் இருக்கும். உள்ளங்கை தோல் உரிந்து துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

"தட்டினா இது ஒரு மணி நேர வேலைதானேக்கா" என்றேன்.

"பகல்ல தூங்கறவங்க இருக்கற எடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த நட்டை எடுத்தார். நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குகிறவன் அந்தப் பக்கம் நான் ஒருவன்தான்.

பிடிகள் கடையில் விலை அதிகம். பண்ருட்டிப் பக்கம் விழுந்த பலாமரத்தின் கட்டை வாங்கி வந்து, அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பலாக் கட்டையில் கைக்குச் சிலாம்பு ஏறாதாம். மகளின் விரல் அளவுக்கு ஒவ்வொன்றையும் அவளே பிடித்துப் பார்த்துச் சொல்ல, அக்கா தேய்ப்பார். சட்டத்தின் காலுக்கடியில் பழைய டயர் வெட்டி வைத்தார், தரையில் கீறல் விழக் கூடாதென்று. சுவருக்கும் பலகைக்கும் நடுவே கை நுழைகிற சந்து விட்டார். கீழே மூன்று மெத்தை. ஹாலில் பாதி அதற்கே போய்விட்டது. கணவரின் படமும் அந்த நாற்காலியும் நடுச்சுவர் ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டன.

எல்லாம் முடிந்த பிறகும் மகளை ஏற விடவில்லை. அந்தப் பெண் அழாத குறை. ஒரு நாள் அக்காவிடம் டீத்தூள் வாங்கப் போன என் மனைவி ஓடி வந்து, "ஏங்க, வந்து பாருங்க!" என்றாள். போனால், ஐம்பத்தேழு வயசு அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பலகையின் உச்சிப் பிடியில் இரண்டு கையாலும் தொங்கிக்கொண்டிருந்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கால் அந்தரத்தில். எனக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது.

"என்னக்கா இது கூத்து?"

"நான் எழுவது கிலோ. அவ அம்பது" என்றார் தொங்கியபடியே. அப்படி ஒவ்வொரு பிடியிலும் தொங்கினார். ஒரு வாரம் ஆயிற்று. பிறகுதான், "இப்ப ஏறு" என்றார் மகளிடம். ஸ்டூலுக்குச் சொன்ன அதே குரல்.

அதிலிருந்து ஆரம்பித்தது என் கஷ்டம். மேலே ஏறுகிறவள் கீழே விழத்தானே வேண்டும்? மெத்தையில் தொம். கொஞ்சம் அமைதி. மறுபடி தொம். சுவர் வழியாக என் கட்டிலுக்கே வரும். ஷிப்ட் வேலை பார்க்கிறவனுக்குத் தூக்கம் என்பது பிச்சையெடுத்துச் சேர்க்கிற அரிசி. யாராவது தட்டிவிட்டால் கொலைவெறி வரும்.

ஆனால் நேர்மையாகச் சொல்கிறேன், முதல் சில மாதம் பெரிதாகத் தொந்தரவு இல்லை. அக்கா ஞாயிறுதோறும் வேலி ஓரம் வந்து, "தம்பி, இந்த வாரம் என்னா ஷிப்ட்டு?" என்று கேட்பார். ஊர் வம்பு என்று நினைத்து ஏதோ சொல்லிவைப்பேன்.

அந்த வாரம் செகண்ட் ஷிப்ட் என்று சொல்லியிருந்தேன். கூட வேலை பார்ப்பவர் வீட்டில் நிச்சயதார்த்தம். அவருக்காக மாற்றிக்கொண்டு நைட் ஷிப்ட் போனேன். அந்தப் பெண்ணுக்குப் படிப்பு லீவு. காலை பத்து மணிக்குத் தொடங்கும் தொம். முதல் நாள் தலையணையைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டேன். இரண்டாம் நாள் சுவரில் குத்தினேன். அவர்கள் வீட்டு ரேடியோ சத்தத்தில் கேட்கவில்லை போலும். ஒரு எட்டுப் போய், "நான் நைட் ஷிப்ட்மா" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மூன்றாம் நாள், கண் எரிய, உட்கார்ந்து ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன். இன்ன நம்பர் குவார்ட்டர்ஸில் சுவரைத் துளைத்துக் கனமான இரும்புச் சட்டம் பொருத்தியிருக்கிறார்கள், கட்டடத்துக்கு ஆபத்து, நடவடிக்கை தேவை. சுவரைத் துளைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். பொய்யைப் போடாவிட்டால் குவார்ட்டர்ஸ் ஆபீஸில் யாரும் அசைய மாட்டார்கள்.

கடுதாசி போட்ட நாலாம் நாளே ஆபீஸிலிருந்து வந்துவிட்டார்கள். மாநிலத் தேர்வுக்கு அப்போது ஆறு வாரம் இருந்தது. பிரிக்கச் சொன்னால் அவ்வளவுதான், அந்தப் பெண்ணின் வருஷம் போயிற்று. ஓட்டை இருந்தால் அக்காவின் வீட்டுக்கே வேட்டு வைக்கலாம். சத்தம் கேட்டுப் போகிறவன்போல நானும் உள்ளே போய் நின்றேன். மகள் பலகையைத் தொட்டபடி நின்றிருந்தாள்.

வந்தவர் டார்ச் அடித்து, பலகைக்குப் பின்னால் போய், சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். சமையலறை பார்த்தார். படுக்கையறை பார்த்தார். ஒரு ஆணி இல்லை, ஆணி இருந்த தடயம்கூட இல்லை. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு வீடு பாத்ததில்லம்மா" என்றார். கடைசியாக நாற்காலிப் படத்தின் பக்கம் டார்ச்சைத் திருப்பினார். மாலையைப் பார்த்ததும் அணைத்துவிட்டார். "வேணாம், சார் உக்காந்திருக்கட்டும்" என்றார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஜன்னலில் இருந்த காலண்டர் திரும்பியது. தேதிகளுக்குக் கீழே பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருந்தது. மேலே, 'தம்பி ஷிப்ட்டு'. மூன்று எழுதிய என் நைட் ஷிப்ட் நாட்களில் 'பகல்ல ஏறக் கூடாது' என்று எழுதிக் கோடு அடித்திருந்தது. அந்த வாரத்தில் இரண்டு என்று இருந்தது. நான் சொன்னதைத்தான் எழுதியிருந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தேன். அன்றைக்குச் சத்தமே இல்லை, தூக்கமும் இல்லை.

அந்தக் கடிதத்தை எழுதியது யார் என்று அக்கா கேட்கவே இல்லை. தெரியுமா தெரியாதா என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறும் வேலி ஓரம் வந்து, "என்னா ஷிப்ட்டு?" என்றார். அதன் பிறகு நான் ஷிப்ட் மாற்றினால் ஓடிப்போய்ச் சொல்லிவிடுவேன். அந்தப் பெண் முதல் வருஷம் தோற்றாள். அடுத்த வருஷம் மாநில அணிக்குத் தேர்வானாள். இப்போது சென்னையில் ஒரு பயிற்சிக்கூடத்தில் வேலை.

அக்கா ரிட்டயர் ஆனார். மகளோடு சென்னைக்குப் போவதாக ஏற்பாடு. காலி செய்கிற அன்று பலகையைப் பிரிக்க நானும் போனேன். ஒரு வெல்டு இல்லாததால் காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடிந்துவிட்டது. ஆங்கிள் எல்லாம் கட்டாகக் கட்டி, போல்ட்டுகள் அளவுவாரியாகப் பிஸ்கட் டப்பாவில். தரையில் கீறல் இல்லை.

வீட்டைச் சரிபார்த்து வாங்க முன்பு வந்த அதே ஆள்தான் வந்தார். "உங்க வூட்ல பாக்க என்னம்மா இருக்கு" என்று சிரித்துக்கொண்டே ஃபாரத்தில் டிக் அடித்துக்கொண்டு வந்தார். மீதி இருந்தது நாற்காலி ஒன்றுதான். அக்கா படத்தை எடுத்து ஒரு பழைய புடவையில் சுற்றினார். நாற்காலியை நான் நகர்த்தினேன்.

சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்திருந்தது. நடுவில் ஒரு போல்ட்டின் நுனி துருத்திக்கொண்டிருந்தது. அதில் பெரிய வாஷர் போட்டு, நட்டு போட்டு இறுக்கியிருந்தது. நட்டில் துரு இல்லை. எண்ணெய் மினுங்கியது.

எனக்கு அந்தப் போல்ட்டைத் தெரியும். என் டப்பாவில் கிடந்த அந்த ஆறு இஞ்ச் போல்ட்டு.

ஆபீஸ்காரர் முகம் மாறிவிட்டது. "என்னம்மா இது? நீங்களா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "ஆமாங்க. நான்தான்" என்றார். "எழுதிக்குங்க."

இருபது வருஷமாக ஒரு ஆணி அடிக்காதவர். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும், "என்னுது" என்று. நான் சர்வீஸில் இருக்கிறேன், இன்னும் நாலு வருஷம் இதே வீட்டில் இருக்க வேண்டும், நாளைக்கு விசாரணை அது இதென்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. அதற்குள் ஆபீஸ்காரர் 'சுவரில் துளை: ஒன்று' என்று எழுதிவிட்டார். அதன் கீழே அக்கா கையெழுத்துப் போட்டார். இந்த முறையும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் போட்டார்.

வாசலில் வண்டி ஏறும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். அவர் அவசரத்தில் இருந்தார்.

"தம்பி, அந்த போல்ட்டுக்கு ஒங்க பக்கம் பிடி கெடையாதுங்க. இந்தப் பக்கத்து நட்டுலதான் டிவி நிக்குது. வாரம் ஒருவாட்டி நான் முறுக்கிக்கினு இருந்தேன். புதுசா வர்றவங்க கழட்டினாலும் கழட்டிடுவாங்க. அதுக்குள்ள எறக்கி வேற எடத்துல மாட்டிடுங்க. கீழ உக்காந்துக்கினுதான பாக்கறீங்க ரெண்டு பேரும்."

வண்டி போய்விட்டது. நான் வீட்டுக்குள் வந்து டிவியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.